கூட்டுக்காரி என்ற சொல்லே போதும்

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. பள்ளியில் தமிழ் ஆசிரியை. போன லீவில் தென்னாப்பிரிக்காவில் நடக்கும் ஒரு நாவல் படித்தேன். நிறவெறிச் சட்டங்கள் இருந்த 1950-களில், இந்தியக் குடும்பத்துப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் விரும்புவதுதான் கதை. படித்து முடித்த அன்றே நம் ஊரை வைத்து ஒன்று எழுதத் தோன்றிவிட்டது. வருஷம் 1858, நாடார் பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது என்று மேல்சாதியார் தாக்கிய தோள்சீலைக் கலவர காலம். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீட்டு மருமகள் ஒருத்தி, மிஷன் பள்ளியில் ரேந்தை (லேஸ்) பின்னக் கற்ற நாடார் பெண் ஒருத்தி. முதல் அத்தியாயம் இணைத்துள்ளேன். எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் படித்துவிட்டு, “இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நம்ம ஊரில் ஏது? தோள்சீலையை மட்டும் எழுது” என்றார். கணவர், “உனக்கு ஏன் இந்தக் கதை?” என்று கேட்டார். ஒரு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. எழுதலாமா, விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், கல்குளம் வட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் அத்தியாயத்தைப் பேசிவிடுவோம். பேராசிரியரும் கணவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

மொழி நன்றாக வருகிறது உங்களுக்கு. மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற நீரை எண்ணிக்கொண்டு மருமகள் உட்கார்ந்திருக்கும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் வம்பு. ரேந்தைக்காரப் பெண் பொதியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், கொல்லைப்புறம் வழியாக நேராக அடுக்களைக்குள் போகிறாள், மணைப்பலகையில் உட்கார்ந்து மோர் குடிக்கிறாள். ஒன்பதாம் பக்கத்தில் இருவரும் கைகோத்துக்கொள்கிறார்கள்.

1858-இல் அவள் எப்படி அடுக்களைக்குள் வந்தாள்?

நம் பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய திருவிதாங்கூரில் யார் யாரிடமிருந்து எத்தனை எட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிக்குச் சாதி கணக்கு இருந்தது. நாடார் பெண்கள் பொன்நகை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக்கூடக் கூடாது, ஏனென்றால் அது மேல்சாதிப் பெண்கள் நடக்கிற நடை. இவ்வளவும் இருந்த ஊரில் உங்கள் பெண் ஒரே மூச்சில் மணைப்பலகை வரை வந்துவிட்டாள். படலுக்கு வெளியே நின்றவள் அடுக்களைக்கு வந்து சேர 200 பக்கம் ஆக வேண்டும் என்பேன் நான். உங்கள் நாவலே அந்தத் தூரம்தான். அதை மூன்று வரியில் தாண்டிவிட்டு, மீதிப் பக்கங்களில் என்ன எழுதப் போகிறீர்கள்?

நீங்கள் படித்த அந்தத் தென்னாப்பிரிக்கக் கதையை இங்கே கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். அங்கே 1949-இல் கலப்புத் திருமணத்துக்குத் தடை வந்தது. 1950-இல் வெள்ளையருக்கும் மற்ற எந்த நிறத்தாருக்கும் இடையில் உடலுறவே குற்றமானது. அதே 1950-இல், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம், கடை வைக்கலாம் என்று ஊரைக் கோடு போட்டுப் பிரிக்கும் சட்டமும் வந்தது. போலீஸ் தேடியதெல்லாம் வெள்ளைக்காரனோடு இருக்கும் கறுப்புப் பெண்ணை, அல்லது வெள்ளைக்காரியோடு இருக்கும் இந்தியனை. கடையின் பின்கட்டில் இரண்டு இந்தியப் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தால் எந்தச் சட்டத்தின் கண்ணுக்கும் அவர்கள் தெரிய மாட்டார்கள். இருவரும் கோட்டுக்கு ஒரே பக்கம். அவர்களுக்குப் பயம் எல்லாம் புருஷன், மாமியார், உறவுக்காரர் வாய் இவற்றிடம்தான்.

உங்கள் கதையில் கோடு இருவருக்கும் நடுவில் ஓடுகிறது. அதனால் உங்கள் வேலை அந்த எழுத்தாளருடைய வேலையைவிடக் கஷ்டம். அதில் ஒரு வசதியும் உண்டு. ஊரார் கண் முழுக்கச் சாதியின் மேல்தான் இருக்கிறது. மருமகள் படலோரம் போய் அடிக்கடி நின்றால், “தீட்டுப் பட்டுவிட்டாயா, குளித்தாயா?” என்று மாமியார் கேட்பாள். வேறு எதையும் கேட்க மாட்டாள், கேட்க அவளுக்குத் தோன்றவே தோன்றாது. அந்நிய ஆண் ஒருவன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அந்தப் பக்கம் நடந்திருந்தால் வெட்டுக்குத்தே நடந்திருக்கும். பெண்ணோடு பெண் பேசினால் அது வெறும் பேச்சு. ஆகவே அந்த இருவருக்கும் பயம் தப்பான திசையிலிருந்து வர வேண்டும். தீட்டுக்காகப் பிடிபடுவோம் என்று நடுங்குகிறார்கள், உள்ளே நடப்பதற்கோ யாரிடமும் பெயர்கூட இல்லை. உங்கள் அத்தியாயத்தில் மாமியார் ஆறாம் பக்கத்திலேயே சந்தேகப்படுகிறாள். அவள் 2024-இல் சீரியல் பார்க்கிற மாமியார். அவளை அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், கதைச் சுருக்கத்தில் கடைசிப் பகுதியில், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைக் காட்டி ஒருவன் மிரட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் எழுதப்பட்டு 1862-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட பகுதிக்கு. திருவிதாங்கூர் தனி சமஸ்தானம். அந்த மிரட்டல்காரனுக்கு வேறு ஆயுதம் கொடுங்கள். சாதியை விட்டுத் தள்ளி வைக்கிற சாதிப் பிரஷ்டு போதும், அதைவிடக் கூர்மையான கத்தி அன்று இல்லை.

மருமகளின் வீட்டை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாஞ்சில் வெள்ளாளரிடம் அப்போது மருமக்கள் வழி. புருஷன் கண்ணை மூடினால் சொத்து அவனுடைய அக்கா தங்கை பிள்ளைகளுக்கு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஏதோ கொஞ்சம், அதையும் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இதைத்தான் பிறகு நம் தேரூர்க்காரர் கவிமணி நையாண்டியாகப் பாடி வைத்தார். 1926-இல் சட்டம் வந்த பிறகுதான் மாறியது. ஆக, அந்த அடுக்களை அவளுக்கும் சொந்தமில்லை. ஒருத்தி உள்ளே வர முடியாதவள், இன்னொருத்தி உள்ளே இருந்தும் வாடகைக்கு இருப்பவள் மாதிரி. இது உங்கள் அத்தியாயத்தில் ஒரு வரிகூட இல்லை.

குடத்துக்கு வருகிறேன், எனக்கு அதை விட மனசில்லை. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து குடத்தைத் தலையில்தான் சுமந்திருப்பாள். ஒரு நாள் விடியும் முன், ஆள் இல்லாத ஓடைக்கரையில், மருமகள் தன் குடத்தை எடுத்து இவள் இடுப்பில் வைத்துவிடுகிறாள். வைக்கத் தெரியவில்லை, சரிகிறது, இடது கையை எப்படி வளைத்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டித் தர வேண்டியிருக்கிறது. நாலு எட்டு நடக்கிறாள், உடுதுணியெல்லாம் நனைகிறது. அவ்வளவுதான் காட்சி. கைகோத்தலும் வேண்டாம், கன்னியாகுமரி சூரியாஸ்தமனமும் வேண்டாம். குடம் இடுப்பில் ஏறினால் அது குற்றம், ஏற்றி வைத்தவளின் விரலும் குற்றம். எந்தக் குற்றம் பெரிது என்று வாசகர் யோசித்துக்கொள்வார்.

தோள்சீலையையும் அப்படித்தான் கொண்டுவர வேண்டும். 1829-இல் வந்த ஆணை கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை, அதாவது ரவிக்கை மாதிரியான சட்டையை, அனுமதித்தது, மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடுவதைத் தடுத்தது. 1858 கடைசியிலும் 59 தொடக்கத்திலும் சந்தைகளில் சீலையைக் கிழித்தார்கள், ஜெபவீடுகள் எரிந்தன. 1859 ஜூலை 26-இல் வந்த அறிவிப்பு மாரை மூடிக்கொள்ளச் சம்மதித்தது, ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது என்ற வாலையும் சேர்த்தே விட்டது. இவற்றைப் பேராசிரியர் சொன்ன மாதிரி தனி அத்தியாயமாக எழுதினால் பாடப்புத்தகம் ஆகிவிடும். மருமகள் தன் மேல்முண்டை அவளுக்குக் கொடுக்கட்டும். அவள் அதை வெளியே போட்டுக்கொண்டு போக முடியாது, ராத்திரி குடிசைக்குள் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கட்டும். பகலெல்லாம் வெள்ளைக்காரத் துரைசானிகளின் தோளுக்கு ரேந்தை பின்னுகிறவள் அவள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ரேந்தை என்றதும் ஒன்று. அவள் ஊசியால் பின்னுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 1820 வாக்கில் நாகர்கோவில் மிஷன் பெண்கள் பள்ளியில் மார்த்தா மால்ட் அம்மையார் சொல்லிக் கொடுத்தது தலையணை ரேந்தை. நெய்யூர் பக்கம் என் பாட்டி செய்து பார்த்திருக்கிறேன். மடியில் உருளையாக இறுகத் தைத்த தலையணை, அதன் மேல் கோலம் குத்திய தாள், புள்ளிக்குப் புள்ளி குண்டூசி. நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். அவற்றை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போடுவாள். கண் எங்கேயோ இருக்கும், கை பாட்டுக்கு ஓடும், தகரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். சத்தம் நின்றால் பாட்டி ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம். இந்தச் சத்தத்தை வைத்தே உங்களால் ஒரு அத்தியாயம் எழுத முடியும். அந்தப் பள்ளியில் ரேந்தை விற்ற காசில் அடிமை விலங்கை விலை கொடுத்து அறுத்த பெண்களும் இருந்தார்கள். சமஸ்தானத்தில் அடிமை முறை ஒழிந்ததே 1855-இல்தான். உங்கள் பெண்ணுக்குப் பக்கத்துப் பாயில் அப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கலாமே.

இனி பேராசிரியர். “நம்ம ஊரில் ஏது?” என்கிறார். இருந்ததை யார் எழுதி வைத்திருப்பார்கள்? திவானும் மிஷனரியும் தாசில்தாரும் எழுதியதுதான் நம்மிடம் உள்ள பழைய காகிதம். அவர்களில் யார் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தார்கள்?

பாட்டி வீட்டுக்கு நாலாவது வீட்டில் இரண்டு சித்திகள் இருந்தார்கள். ஒருத்தி கல்யாணமே செய்துகொள்ளாதவள், மற்றவள் இளம் வயதில் தாலி அறுத்தவள். சொந்தம் கிடையாது, சாதியும் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே தகரப் பெட்டி, ஒரே சாவி, அது மூத்தவள் இடுப்பில். யாராவது கேட்டால் “கூட்டுக்காரி” என்பார்கள், நம் பக்கத்தில் தோழி என்று அர்த்தம். ஊரும் அதையே சொல்லும், அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. மூத்தவள் செத்த அன்று எங்கிருந்தோ அண்ணன் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். உறவுக்காரப் பெண்களெல்லாம் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். இளையவளுக்கு அங்கே இடமில்லை. பின்வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கட்டன்காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பத்து வயது. டம்ளரை என்னிடம் கொடுத்தபோது கை நடுங்கிக் காப்பி என் பாவாடையில் கொட்டியது. மறுநாள் தகரப் பெட்டியை அண்ணன் மகன் கொண்டு போய்விட்டான்.

அவர்களுக்குள் என்ன உறவு என்று எனக்குத் தெரியாது, பெயர் வைக்க நான் யார்? ஆனால் பேராசிரியரை அந்தப் பின்வாசலில் ஐந்து நிமிஷம் நிற்க வைத்திருந்தால் “ஏது?” என்று கேட்டிருக்க மாட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், தன்பாலீர்ப்பு என்ற சொல் உங்கள் நாவலுக்குள் வரக் கூடாது. இன்றைக்கு வாழ்கிறவர்களுக்கு அது தேவையான, மரியாதையான சொல். 1858-இல் கூட்டுக்காரி போதும், எல்லாப் பாரத்தையும் அது தாங்கும். இன்னொன்று, மேல்சாதிக்காரர் முன் ஒடுக்கப்பட்டவர்கள் தங்களை “அடியேன்” என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். உங்கள் பெண் முதல் பக்கத்திலேயே “நான்” என்கிறாள். எடுத்துவிடுங்கள். மருமகளைப் பார்த்து அவள் முதல் தடவை “நான்” என்று சொல்கிற இடத்துக்கு அதைச் சேமித்து வையுங்கள்.

கணவர் கேட்டது நியாயமான கேள்வி. “உனக்கு ஏன் இந்தக் கதை?” அது அவருக்கு வந்த பயமா, வெறும் ஆர்வமா என்று கடிதத்தில் தெரியவில்லை. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் எழுதவில்லை, அதை நான் கேட்கவும் மாட்டேன். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியவில்லையென்றால், “எழுதி முடித்தால்தான் எனக்கே தெரியும்” என்று சொல்லுங்கள், அதில் பொய்யில்லை. இன்னும் இரண்டு அத்தியாயம் ஆகும் வரை யாரிடமும் படிக்கக் கொடுக்க வேண்டாம், என்னிடமும்தான்.

ஊரார் எதிர்த்தால் என்ற பயம் கடிதத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வயது வந்த ஒரே பாலினத்தவர் சம்மதத்தோடு உறவில் இருப்பது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எழுத்தைப் பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. 2016 ஜூலையில் எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம், படித்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் அவர் பட்ட பாட்டையும் நாம் பார்த்தோம். சாதிப் பெயர்களை எழுதும்போது ஆவணம் சொல்வதைத் தாண்டி ஒரு சொல் கூட்ட வேண்டாம். புனைபெயர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

எழுதுங்கள். இன்று ராத்திரியே உட்கார்ந்தால் நல்லது. ஆரம்பிக்கும் முன் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து, இருவரும் ஒளிந்து நிற்கிற அந்த றப்பர் தோட்டத்தை வெட்டிவிடுங்கள். நம் பக்கம் றப்பர் வர இன்னும் 40 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. பனங்காட்டில் நிற்கட்டும்.