பரந்தன் வெதுப்பகப் பலகைக்குக் கூப்பர் பிளாக்

பலகையில் ஆங்கிலப் பெயர் கூப்பர் பிளாக்கில் தடிப்பாக வருகிறது, தமிழ்ப் பெயர் மட்டும் மெலிந்து நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த எழுத்துருவில் தமிழே கிடையாது. கணினி வேறொன்றிலிருந்து எடுத்து நிரப்புகிறது.

தமிழுக்குப் பலூ தம்பி 2 என்ற எழுத்துருவை, எக்ஸ்ட்ரா போல்டில் (அதன் மிகத் தடித்த வடிவம்) போட்டுப் பாருங்கள். கூப்பரில் இருப்பதுபோல் செரிஃப் (எழுத்து முனையில் வரும் சிறு நீட்டம்) இல்லைதான், ஆனாலும் அதுவும் உருண்டை, தடிப்பு. இரண்டும் சேர்ந்து நிற்கும். நோட்டோ செரிஃப் தமிழ் கொஞ்சம் விறைப்பு. பாண் விற்கிற கடைக்கு எதற்கு?

தொலைபேசி இலக்கத்தைக் கூப்பரில் போடாதீர்கள். 1922இல் சிகாகோவில் வெளிவந்த அந்த எழுத்து பெரிய அளவில்தான் அழகு. சிறிதாக்கினால் 6, 8, 9 உள்ளே அடைபட்டு, ஏ9 வீதியில் பஸ்ஸில் போகிறவருக்கு ஒன்றுபோலத் தெரியும். சாதாரண எழுத்துரு போதும்.

எழுத்துக்குச் சிவப்பு நிழல் போடலாமா என்றும் கேட்டீர்கள். சரி, ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழில் போட்டால் 'ணை'யின் சுழி எல்லாம் மூடிவிடும்.