கீமோ, கதிர், இம்யூனோதெரபி: மூன்றையும் ஒன்றாகக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தமும் உண்டு. மூலம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் பல மாதம் பொறுத்திருந்தார். இப்போது மலவாசல் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்கிறார்கள். ஒரு வைத்தியர் கீமோ என்கிறார், இன்னொருவர் கதிர்ச் சிகிச்சை என்கிறார். கனடாவில் இருக்கும் மாமா இம்யூனோதெரபிதான் வேண்டும் என்கிறார். மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதை எப்போது என்பதில்தான் விஷயம்.

நோய் மலவாசலோடு நின்றிருந்தால் கதிரையும் கீமோவையும் ஒரே நேரத்தில் கொடுப்போம். நார்மன் நைக்ரோ என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1974இல் எழுதிய வழி அது; பெரிய ஒப்பரேஷன் இல்லாமலே பலருக்குக் குணமாகிறது. ஈரலுக்குப் போய்விட்டால் கணக்கு மாறுகிறது. கதிர் பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். உடல் முழுக்கப் போகிற மருந்துதான் இனி முதலில்.

அந்த மருந்து பெரும்பாலும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகளின் ஜோடி. பழைய சிஸ்பிளாட்டின், 5-எஃப்யூ ஜோடியோடு ஒப்பிட்ட ஆய்வில் கட்டி சுருங்கியது இரண்டிலும் ஏறக்குறைய சமம். ஆனால் புதிய ஜோடியில் கடும் பக்கவிளைவு குறைவு, ஆயுளும் கூடுதல்: சராசரியாக 12 மாதத்துக்குப் பதில் 20.

மாமா சொல்வதும் வெறும் பேச்சல்ல. இம்யூனோதெரபி என்பது உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோயோடு போராடத் தூண்டுவது. இதே ஜோடியோடு ரெட்டிஃபான்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்து 308 பேரிடம் பார்த்தார்கள். நோய் மீண்டும் வளராமல் இருந்த காலம் 7.4 மாதத்திலிருந்து 9.3 மாதமானது. அமெரிக்கா 2025 மே மாதம் அதற்கு அனுமதி கொடுத்தது. ஆயுளும் கூடியது போலத் தெரிந்தது; புள்ளிவிபரக் கணக்கில் அது இன்னும் உறுதியாகவில்லை. அந்த ஆய்வில் முதலில் கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு, நோய் வளர்ந்தபோது இந்த மருந்து கொடுக்க இடமிருந்தது. ஆகவே இம்யூனோதெரபிக்குக் கையில் காசு இல்லையென்று கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் அரச சிகிச்சை இலவசம், அங்கே தொடங்குங்கள். தனியாரில் இம்யூனோதெரபி எடுக்க யோசித்தால், ஒரு ஊசியின் விலையை அல்ல, முழு ஆண்டுக்கான செலவைக் கேளுங்கள். வீட்டை ஈடு வைத்து இரண்டு ஊசியோடு நிறுத்துவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

சரி, கதிர் எங்கே வருகிறது? வலி, இரத்தப்போக்கு, அடைப்பு இருந்தால் ஐந்து முதல் பத்து முறை குறுகிய கதிர் நல்ல நிவாரணம். கீமோவில் ஈரல் கட்டிகள் நன்றாக அடங்கினால், மலவாசலில் உள்ள மூலக் கட்டிக்கு முழுக் கதிர் கொடுக்கலாமா என்று அப்புறம் பேசலாம். ஈரலில் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சினால் வெட்டி எடுப்பதோ சுட்டு அழிப்பதோகூட உண்டு, ஆனால் சிலருக்குத்தான். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் திணிக்க முடியாததற்குக் காரணம், மலவாசலுக்குக் கொடுக்கும் கதிர் படுகிற இடுப்பெலும்பு. இரத்தம் ஊறும் மச்சையில் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது. கதிரும் முழு அளவு கீமோவும் ஒன்றாக அதைத் தாக்கினால் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்து, கடைசியில் இரண்டையும் நிறுத்த வேண்டி வரும்.

அம்மாவின் சீனியை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பாக்லிடாக்செலுக்கு முன் போடும் ஸ்டீரொயிட் சீனியை ஏற்றும். அந்த மருந்தே கை கால் விறைப்பைத் தரும். ஏற்கெனவே பாதம் எரிகிறது என்றால் அளவை மாற்றவேண்டி வரலாம். தைரொயிட், மூட்டுவாதம் போன்ற பழைய வருத்தங்களையும் சொல்லவேண்டும், இம்யூனோதெரபி அவற்றைக் கிளறிவிடலாம். எச்.ஐ.வி. சோதனை கேட்டால் கோபப்படவேண்டாம். இந்த நோயில் எல்லோரிடமும் கேட்பதுதான்; பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால் வருகிற நோய், அதில் அம்மாவின் ஒழுக்கத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. உறவினர் தரும் கஷாயம், சூரணம் எதுவானாலும் கீமோ நாட்களில் ஒளிக்காமல் காட்டுங்கள்.

கீமோ தொடங்கிய பிறகு காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும், பனடோல் கொடுத்து விடியட்டும் என்று பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.