அசோகப்பட்டையா, நெட்டிலிங்கப் பட்டையா?

கேள்வி: எனக்கு 42 வயது. மாதவிலக்கு ஒன்பது நாள் வரை நீள்கிறது, உதிரப்போக்கும் அதிகம். நாட்டு மருந்துக் கடையில் அசோகப்பட்டைத் தூள் வாங்கி மூன்று மாதமாகக் கஷாயம் குடிக்கிறேன். குறையவில்லை. தூளில் கலப்படம் இருக்குமோ? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், சகோதரி. தெருவோரத்திலும் பள்ளி வளாகத்திலும் நெடுநெடுவென்று நிற்கும் மரத்தை நாம் 'அசோக மரம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது நெட்டிலிங்கம். மருந்துக்கு உரிய அசோகு, புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. செம்மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூக்கும். பட்டைக்காக வெட்டி வெட்டியே காட்டில் அரிதாகிவிட்டது. நெட்டிலிங்கமோ எங்கும் கிடைக்கிறது. பெயரும் ஒன்றாகிப் போனதால், விற்பவருக்கே தெரியாமல் பட்டை மாறிவிடுவதும் உண்டு.

தூளாகிவிட்டால் வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. தண்ணீரில் போட்டு நிறம் பார்க்கச் சொல்வார்கள். துவர்ப்புள்ள எந்தப் பட்டையும் தண்ணீரைப் பழுப்பாக்கத்தான் செய்யும். நுண்ணோக்கியிலோ ஆய்வகச் சோதனையிலோதான் தெரியும். அதனால் தூளாக வாங்காதீர்கள். நல்ல அசோகப்பட்டை வெளியே பச்சை கலந்த சாம்பல் நிறமாக, வட்டப் புள்ளிகளும் குறுக்கு வரிகளுமாக இருக்கும், உட்புறம் செம்பழுப்பு, மென்றால் துவர்க்கும். ஆனாலும் பழகாத கண் ஏமாறும். அரசு சித்த மருத்துவப் பிரிவில் காட்டிக் கேளுங்கள். தயாரித்த மருந்தாக வாங்கினால் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, என் கவலை பட்டையைப் பற்றி மட்டும் இல்லை. அசல் பட்டையே ஆனாலும், காரணம் தெரியாமல் மூன்று மாதம் குடித்திருக்கக் கூடாது. கர்ப்பப்பைக் கட்டி, தைராய்டு கோளாறு, கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துப்போவது என எதுவாகவும் இருக்கலாம். இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பார்த்து ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், துவர்ப்பான கஷாயத்தோடு சேர்த்து விழுங்க வேண்டாம்; சத்து உடலில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, தலைசுற்றினாலோ, மூச்சு வாங்கினாலோ, நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். மீதித் தூளைக் கையோடு எடுத்துச் சென்று, எவ்வளவு நாளாகக் குடிக்கிறீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.