பி.எம்.பி. (திட்ட மேலாளர் சான்றிதழ்) தேர்வில் தோற்றுவிட்டேன், அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த மாதமே மறுபடி எழுதலாமா?

எழுதாதீர்கள். குறைந்தது அடுத்த மாதம் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். எனக்கும் இதே நிலைதான் இருந்தது. தோற்ற அன்று இரவே மறுதேர்வுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அவசரம் படிப்பதற்கான அவசரமே அல்ல. அவமானத்தைத் துடைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு.

நீங்கள் படிக்காமல் போயிருக்க மாட்டீர்கள். இந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே 35 மணி நேரப் பயிற்சியும் பல ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். ஆகவே "இன்னும் நன்றாகப் படித்திருக்கலாமே" என்று சொல்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். நானும் ஏழு மாதம் படித்தேன். திட்ட மேலாண்மைக் கையேடான பி.எம்.பாக் ஆறாம் பதிப்பில் உள்ள 49 செயல்முறைகளையும், ஒவ்வொன்றுக்கும் உள்ளே என்ன போகிறது, எந்தக் கருவி பயன்படுகிறது, வெளியே என்ன வருகிறது என்பதையும் ஒப்பிக்கும் அளவுக்குப் படித்தேன். அலமாரிக் கதவின் உட்புறம் முழுக்க அட்டவணை ஒட்டியிருந்தேன். என் பயிற்றுநர் அப்படித்தான் படிக்கச் சொன்னார். தேர்வில் ஒப்பிக்கச் சொல்லி ஒரு கேள்விகூட வரவில்லை.

2021 ஜனவரியில் வந்த பாடத்திட்டத்தின்படி நான் எழுதினேன். 180 கேள்விகள், 230 நிமிடங்கள். மனிதர்கள் 42 சதவீதம், செயல்முறை 50 சதவீதம், வணிகச் சூழல் 8 சதவீதம். பாதிக்கும் குறையாமல் அஜைல் முறையையும் (வேலையைச் சிறு சுற்றுகளாகச் செய்து திருத்திக்கொண்டே போவது) கலப்பு முறையையும் (அதையும் முன்கூட்டியே முழுதாகத் திட்டமிடும் முறையையும் சேர்ப்பது) ஒட்டிய கேள்விகள். ஏறக்குறைய எல்லாமே "இப்படி ஒரு சிக்கல், திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?" என்ற வகை. நான்கு விடைகளில் இரண்டு பார்த்தவுடனே அடிபட்டுப் போகும். மிச்சமுள்ள இரண்டுமே சரி போலிருக்கும். அங்கேதான் நான் விழுந்தேன். (பாடத்திட்டம் அவ்வப்போது மாறும். தேதி குறிக்கும் முன் தேர்வை நடத்தும் பி.எம்.ஐ. தளத்தில் அப்போது நடப்பில் உள்ளதைப் பார்த்துவிடுங்கள். பழைய புத்தகத்தோடு புதிய தேர்வுக்குப் போவது இரட்டை நஷ்டம்.)

முடிவுத் தாளில் மதிப்பெண் இருக்காது. தேர்ச்சிக்கு எத்தனை சரியாக இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் வெளியிடுவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் இலக்குக்கு மேல், இலக்கில், இலக்குக்குக் கீழ், மேம்பாடு தேவை என்ற நான்கில் ஒன்று மட்டும் இருக்கும். எனக்குச் செயல்முறையில் "இலக்கில்". வணிகச் சூழலில் "இலக்குக்குக் கீழ்". மனிதர்கள் பிரிவில் "மேம்பாடு தேவை".

ஒன்பது ஆண்டுகளாகக் குழு நடத்துகிறேன். எனக்கு மனிதர்களைக் கையாளத் தெரியவில்லை என்று ஒரு தாள் சொல்கிறது. அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தவள் பதினொரு நாள் வெளியே எடுக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் என்ன செய்தேன் தெரியுமா? ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த செயல்முறைப் பகுதியையே திரும்பத் திரும்பப் படித்தேன். தெரிந்ததைப் படிக்கும்போது மனதுக்கு இதமாக இருக்கும். நீங்களும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து நிறுத்திவிட்டு அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வையுங்கள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு நோட்டை எடுத்தேன். பயிற்சிக் கேள்விகளில் தவறாகப் போட்டவற்றுக்கு மட்டும் அந்த நோட்டு. மூன்று பத்திகள். முதலாவதில் நான் தேர்ந்தெடுத்த விடை. இரண்டாவதில் அந்த நேரத்தில் அது ஏன் சரி என்று தோன்றியது. மூன்றாவதில் கேள்வியில் நான் கவனிக்காமல் விட்ட சொல். இரண்டாவது பத்திதான் கடினம். சரியான விடையைப் பார்த்த பிறகு "ஆமாம், எனக்கும் தெரியும்" என்று மனம் சொல்லிவிடும். அதனால் விடையைப் பார்ப்பதற்கு முன்பே காரணத்தை எழுதிவிட வேண்டும்.

ஒரு உதாரணம். தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், ஆகவே இது நானே அமைத்தது. குழுவில் ஒருவர் இரண்டு வாரமாக வேலையைத் தாமதமாக முடிக்கிறார், மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அவருடைய துறைத் தலைவரிடம் தெரிவிப்பதா, வேலையை வேறொருவருக்கு மாற்றுவதா, குழுக் கூட்டத்தில் பேசுவதா, அவரைத் தனியே அழைத்துக் காரணம் கேட்பதா? தனியே கேட்பதுதான் விடை. இப்படி எழுதும்போது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் இந்த வகைக் கேள்விகளில் நான் தொடர்ந்து துறைத் தலைவரிடம்தான் போயிருக்கிறேன். நோட்டின் நான்காம் பக்கத்திலேயே அது கண்ணில் பட்டுவிட்டது. இரண்டாம் பத்தியில் வரிக்கு வரி ஒரே காரணம்: "மேலே சொல்லிவிட்டால் பிறகு நம்மைக் குறை சொல்ல முடியாது."

அது என் அலுவலகம் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். எங்கள் இடத்தில் எதையும் மேலே சொல்லி ஒரு மின்னஞ்சலைப் பதிவாக வைத்துக்கொள்ளாவிட்டால் கடைசியில் நம் தலையில்தான் விடியும். தேர்வு எதிர்பார்க்கும் திட்ட மேலாளர் வேறு மாதிரி. முதலில் விசாரிப்பார், பாதிப்பை அளந்து பார்ப்பார், சம்பந்தப்பட்டவரிடம் நேரே பேசுவார், தன் கையை மீறினால்தான் ஸ்பான்சரிடம் (திட்டத்துக்குப் பணமும் ஆதரவும் தரும் மேலிடத்தவரிடம்) போவார். இந்த ஒரு வரிசை பிடிபட்ட பிறகு என் தவறுகள் பாதியாகக் குறைந்தன. உங்கள் தவறு வேறாக இருக்கலாம். சிலர் எல்லாவற்றையும் தாங்களே சரிசெய்யப் பாய்வார்கள், சிலர் தானே வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டிய அஜைல் குழுவில் உட்கார்ந்து வேலையைப் பங்கிட்டுக் கட்டளை போடுவார்கள். உங்களுடையது எது என்பதை உங்கள் நோட்டு மட்டுமே சொல்லும்.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஈட்டிய மதிப்பை (முடித்த வேலைக்குத் திட்டமிட்டிருந்த தொகையை) உண்மையில் ஆன செலவால் வகுத்தால் செலவுத் திறன் குறியீடு கிடைக்கும், அது ஒன்றுக்குக் கீழே போனால் பணம் கூடுதலாகக் கரைகிறது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். அது ஒரு வார வேலை. ஏழு மாத வேலை அல்ல.

நேரக் கணக்கும் என்னைக் கவிழ்த்தது. நான் எழுதியபோது தேர்வு 60 கேள்விகள் கொண்ட மூன்று பகுதிகளாக வந்தது. நடுவே பத்து நிமிட இடைவேளை இரண்டு. ஒரு பகுதியை முடித்துவிட்டால் அதற்குத் திரும்ப முடியாது. அந்தப் பயத்தில் முதல் 60 கேள்விகளை மறுபடி மறுபடி திருத்தி 95 நிமிடங்களைச் செலவழித்தேன். அடுத்த பகுதிக்கு 85. கடைசி 60 கேள்விகளுக்கு மிஞ்சியது 50 நிமிடம், ஒன்றுக்கு 50 நொடி. இடைவேளை 230 நிமிடத்தில் சேராது என்று தெரிந்தும் இரண்டையும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். 150ஆவது கேள்விக்குப் பிறகு ஒரே வரியை மூன்று முறை படித்தும் பொருள் ஏறவில்லை. இரண்டாம் முறை பகுதிக்கு 75 நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு இடைவேளையிலும் எழுந்து போய் முகம் கழுவினேன். வீட்டில் கடைசி நான்கு ஞாயிறுகளில் முழு மாதிரித் தேர்வை அதே நேரத்தில், அதே இடைவேளையோடு எழுதிப் பார்த்திருந்தேன்.

எவ்வளவு இடைவெளி விடுவது? விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முறை எழுதலாம். மூன்றிலும் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். மறுதேர்வுக் கட்டணம் முதல் முறையைவிடக் குறைவுதான், அதற்காக வாய்ப்பை வீணாக்காதீர்கள். நான் ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டு தேறினேன். மனிதர்கள் பிரிவில் "இலக்கில்" என்று வந்தது, அதற்கு மேல் இல்லை. மூன்று பிரிவிலும் "இலக்குக்கு மேல்" வாங்கியவர்கள் இங்கே இருப்பீர்கள், உங்கள் வழி வேறாக இருக்கலாம்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்கிறீர்கள். இதில் எனக்கு ஒரு கோபம் இன்னும் ஆறவில்லை. எங்கள் குழுவில் ஒரு மூத்தவர் இருந்தார். பதினாறு ஆண்டு அனுபவம். தரையில் விழுந்த இரண்டு திட்டங்களைத் தூக்கி நிறுத்தியவர். அவரிடம் இந்தச் சான்றிதழ் இல்லை. பெரிய திட்டம் ஒன்று வந்தபோது, பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து இருந்த ஒருவரைத் தலைமைக்குப் போட்டுவிட்டு, அந்த ஆளுக்கு வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி இவரை உட்கார வைத்தார்கள். இவரும் முகம் சுளிக்காமல் கற்றுக்கொடுத்தார். ஒரு தேர்வு ஒருவருக்குக் கொஞ்சம் ஒழுங்கைக் கற்றுத்தரும், அதை நான் மறுக்கவில்லை, எனக்கே கற்றுத்தந்தது. ஆனால் வேலை தெரிந்த மனிதர் கண்ணெதிரே நிற்கும்போது காகிதத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தோற்ற செய்தி பரவிய அன்று எல்லோரும் "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மூத்தவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்தப் பகுதியில் போச்சும்மா?" என்று கேட்டார். மனிதர்கள் பகுதி என்றேன். யோசித்துவிட்டு, "நீ யாரிடமும் நேரே போய்க் கேட்கமாட்டாயே, எல்லாவற்றையும் மின்னஞ்சலில்தானே கேட்பாய்" என்றார். அப்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நோட்டின் நான்காம் பக்கத்தை எழுதிய நாளில் அவரிடம் போய் அதைக் காட்டினேன்.

இரண்டாம் முறை தேதியை வீட்டில் மட்டும் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். நோட்டில் ஐம்பது தவறு சேரும் வரை தேதி குறிக்காதீர்கள். இரண்டாம் பத்தியில் ஒரே காரணம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். விருப்பமிருந்தால் அந்தக் காரணத்தைக் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.