டிமென்ஷியா இல்லத்தில் வேலை: உங்கள் கேள்விகளுக்கு ஒரு நர்ஸின் பதில்கள்

சென்னையில் டிமென்ஷியா, அதாவது நினைவும் புரிதலும் படிப்படியாகக் குறையும் நோய், உள்ள முதியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் நர்ஸிங் பொறுப்பில் இருக்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்களும் வர நினைப்பவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், ஜிஎன்எம் என்ற நர்ஸிங் டிப்ளமோ முடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இல்லத்தில் வேலைக்குச் சேரலாமா? என்ன வித்தியாசம்?

சேரலாம் அம்மா. ஆஸ்பத்திரியில் குணமாகி வீட்டுக்குப் போவார்கள். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை நம்மோடுதான். டோனெபெசில், மெமண்டைன் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தும், நோயை நிறுத்தாது. அதனால் மருந்து அட்டவணையைவிட ஆளைத் தெரிந்துகொள்வதுதான் பெரிய வேலை. என்ன உத்தியோகம் பார்த்தார், காபியா டீயா, காலையில் எத்தனை மணிக்கு எழுவார், எந்தச் சாமியைக் கும்பிடுவார். பேங்கில் இருந்தவருக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தால் ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்காருவார். கையைப் பிசைந்துகொண்டே இருக்கும் பாட்டி முன்னால் ஒரு கட்டு முருங்கைக்கீரையை வையுங்கள், ஆய்ந்து முடித்துவிட்டு "அடுத்தது?" என்பார்.

இன்னொன்று, மொழி. பிறகு கற்றது முதலில் போகும். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி வளர்ந்தவர், ஐம்பது வருடம் பேசிய தமிழை மறந்து அதற்கே திரும்பிவிடலாம். "சாப்பிட்டீங்களா", "வலிக்குதா", "பாத்ரூம் போகணுமா", இந்த மூன்றையாவது அவர் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள்.

அட்டெண்டர் வேலை பார்க்கிறேன். குளிக்க வைக்கப் போனால் ஒரு தாத்தா அடிக்கிறார், கிள்ளுகிறார். என்ன செய்ய?

தம்பி, அவர் பக்கமிருந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து பனியனைக் கழற்றுகிறார், தலையில் தண்ணீர் விழுகிறது. யாராக இருந்தாலும் கையை ஓங்கத்தான் செய்வார்கள்.

முதலில் வலி இருக்கிறதா பாருங்கள். தோள்மூட்டு தேய்ந்தவருக்குக் கையைத் தூக்கிப் பனியனைக் கழற்றினால் உயிர் போகும், ஆனால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைக்கு மாற்றிவிட்டாலே பாதி அடி நின்றுவிடும். அப்புறம், தண்ணீரைக் காலிலிருந்து தொடங்குங்கள், தலை கடைசியில். மக்கை அவர் கையில் கொடுத்து அவரையே ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே ஒரு துண்டு போர்த்தியபடியே குளிப்பாட்டலாம். வெட்கம் நினைவோடு சேர்ந்து போய்விடுவதில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு மூன்று பேர் சுற்றி நிற்க வேண்டாம். அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்து வாருங்கள். இன்று ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். தினமும் தலைக்குக் குளித்தே ஆகவேண்டும் என்ற விதியை நாம்தான் போட்டோம்.

சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும், அவர் தேடுவார்" என்று ஒரு அம்மா அழுகிறார். கணவர் இறந்து பல வருடம். பொய் சொல்லலாமா?

அவர் இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு மாலையும் சொல்லாதீர்கள். அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் அது இப்போதுதான் நடந்த சாவு. "வந்துகொண்டிருக்கிறார்" என்பதையும் நான் சொல்வதில்லை, வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்பார். "ஐயாவைத் தேடுதா? அவருக்கு என்ன சமைச்சுப் போடுவீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். பேச்சு கத்தரிக்காய்க் குழம்புக்குப் போய்விடும், அழுகையும் அடங்கும். மனம் தெளிந்த ஒரு நேரத்தில் அவரே "செத்துப்போயிட்டாரா?" என்று நேராகக் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லுங்கள்.

இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். பாத்ரூமுக்கு ஒருமுறை கூட்டிப்போய்விட்டு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். பசியும் முட்டிக்கொண்டு நிற்கும் சிறுநீரும்கூட "வீட்டுக்குப் போகணும்" என்று வெளியே வரும்.

அமைதியாக இருந்தவர் இரண்டு நாளாக உளறுகிறார், பகலெல்லாம் தூங்குகிறார். நோய் முற்றிவிட்டதா?

இரண்டு நாளில் டிமென்ஷியா முற்றாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, நிமோனியா, சர்க்கரையோ சோடியமோ இறங்கியது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, யாரும் பார்க்காதபோது விழுந்து தலையில் பட்டது, பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். காய்ச்சல், பிரஷர், சர்க்கரை பாருங்கள். கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று நோட்டில் பார்த்துவிட்டு அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் ஆளை இழந்துவிடுவோம்.

ராத்திரி எழுந்து அலைபவரைக் கட்டிலில் கட்டிவைக்கச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் தூக்க மருந்து கொடு என்கிறார்கள்.

கட்டாதீர்கள். கட்டப்பட்டவர் திமிறித் திமிறித்தான் காயப்படுகிறார், புண் வருகிறது, மனம் உடைகிறது. கட்டிலைத் தாழ்வாக்கி, பக்கத்தில் தரையில் மெத்தை போடுங்கள். பாத்ரூம் வரை சின்ன விளக்கு எரியட்டும். நடக்க வேண்டுமென்றால் கூட நடங்கள்.

ஆளை அடக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005ல் எச்சரித்தது. மூளையில் லூயி பாடி என்ற புரதத் திரள்கள் சேர்வதால் வரும் டிமென்ஷியா வகையில், ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆபத்தான நிலையில், குறைந்த நாளுக்கு, டாக்டர் பார்த்து எழுதினால் மட்டும் கொடுங்கள். நைட் டூட்டியில் ஆள் இல்லை என்பது ஒரு நோய் அல்ல, அதற்கு மாத்திரை கிடையாது.

"என் வளையலை நீதான் எடுத்தே" என்கிறார் ஒரு பாட்டி. மானம் போகிறது.

சத்தியம் செய்யாதீர்கள், சண்டையும் வேண்டாம். "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று தலையணை உறைக்குள்ளிருந்து தொடங்குங்கள். உடனே இன்சார்ஜிடம் சொல்லி ரெஜிஸ்டரில் எழுதவையுங்கள். அது உங்களுக்குப் பாதுகாப்பு. சேரும்போதே நகையைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்துவிடும் இல்லம் நல்ல இல்லம்.

சாதத்தை வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். குடித்தால் புரையேறுகிறது.

நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் உள்ளே இறங்கிய பிறகே அடுத்த வாய். குழைந்த சாதம், கெட்டியான கூழ் இறங்கும். வெறும் தண்ணீரும் ரசமும்தான் பெரும்பாலும் புரையேறும். எவ்வளவு கெட்டி வேண்டும் என்பதை விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் சொல்லட்டும். சாப்பிட்டதும் அரைமணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் கண்ணுக்கே தெரியாது, நிறத்தட்டு வாங்கச் சொல்லுங்கள். கடைசிக் கட்டத்தில் மூக்குக் குழாய் போட்டால் ஆயுள் கூடும், நிமோனியா வராது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கையால் ஊட்டுங்கள், அவர் கேட்கும் அளவுக்கு.

12 மணி நேர டூட்டி, சம்பளம் குறைவு. போன வாரம் நான் பார்த்துக்கொண்ட பாட்டி இறந்துவிட்டார். அழுகை நிற்கவில்லை.

அழுங்கள் அம்மா. மகளைப்போல ஊட்டியவர் நீங்கள். முடிந்தால் அடக்கத்துக்குப் போய்வாருங்கள், குடும்பத்தார் பெரும்பாலும் வரவேற்பார்கள். சம்பள விஷயத்தில் உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. இந்த வேலைக்கு உரிய கூலியை இங்கே யாரும் கொடுப்பதில்லை. அடுத்த இடத்தில் சேருமுன் கேளுங்கள்: ராத்திரியில் ஒரு வேலையாளுக்கு எத்தனை முதியவர்கள், வார விடுமுறை உண்டா, பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா, ஏஜென்சி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது.

அம்மாவை இல்லத்தில் சேர்க்க நினைக்கிறேன். ஊர் என்ன சொல்லுமோ என்று பயம்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. எல்லா வீட்டிலும் ராப்பகலாகப் பார்க்க ஆள் இல்லை. ஊரை விடுங்கள். சொல்லாமல் ஒரு மாலை போய்ப் பாருங்கள்: மூத்திர வாடை அடிக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, வேலையாட்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, யாராவது கட்டப்பட்டிருக்கிறார்களா. சேர்க்கும் நாளில் அவர் வழக்கமாகக் கட்டும் நூல் புடவைகள், பழைய போட்டோக்கள், எல்லா மாத்திரைச் சீட்டும் எடுத்துவாருங்கள். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், எதற்குக் கோபப்படுவார் என்பதையும் சேர்த்து.