நமீபியாவில் வேட்டை: கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் வசிக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் வரும் ஜூலையில் நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறார், என்னையும் கூப்பிடுகிறார். குடு, ஓரிக்ஸ் மான்கள் சுடுவதாகத் திட்டம். “நாங்கள் கட்டும் பணத்தில்தான் அங்கே விலங்குகள் பிழைத்திருக்கின்றன” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓர் உயிரைக் கொன்று அதன் இனத்தைக் காப்பது பித்தலாட்டம் இல்லையா? செசில் சிங்கத்தின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் போகலாமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய புகைப்படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது ஒரு கல்சுவரின் படம். நமீபியாவின் வடமேற்கில், குனேனேயில் எடுத்தது. அதனால்தான் பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் எழுதுவதில்லை.

செசிலை முதலில் முடித்துவிடுகிறேன். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் வாழ்ந்த சிங்கம் அது, 2015 ஜூலையில் பூங்காவுக்கு வெளியே அதைச் சுட்டார்கள். அந்த நிலத்தில் சிங்கம் சுட ஒதுக்கீடே கிடையாது என்று ஜிம்பாப்வே அதிகாரிகள் சொன்னார்கள். அது ஒழுங்கீனம். ஒழுங்கீனத்தை வைத்து ஒழுங்கை எடைபோட வேண்டாம். கொல்லாமை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று தெரியாமல் அதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். உங்கள் கடிதத்தில் மான் இருக்கிறது, சிங்கம் இருக்கிறது, நண்பர் இருக்கிறார், உங்கள் மனசாட்சி விலாவாரியாக இருக்கிறது. அந்த மண்ணில் குடியிருக்கும் மனிதர் ஒருவர்கூட இல்லை.

அந்தச் சுவருக்கு வருகிறேன். ஆளுயரத்துக்குக் கருங்கற்களை அடுக்கிப் பூசிய வட்டச் சுவர். உள்ளே தண்ணீர்த் தொட்டியும் டீசல் பம்பும். மழை பேருக்குத்தான் பெய்யும் ஊர். பாலை யானைகள் தண்ணீர் வாசம் பிடித்து இரவில் வரும். சுவர் எழுப்புவதற்கு முன்னால் வந்த ஒரு கூட்டம் தொட்டியை உடைத்துக் குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தது. இரண்டங்குல இரும்புக் குழாய் முருங்கைக்காய் மாதிரி முறுகிக் கிடந்தது. ஆடு மேய்க்கும் ஒரு கிழவி அதைக் காலால் தள்ளிக் காட்டினார். அவர் பேசியதை எங்கள் ஓட்டுநர் மொழிபெயர்த்தார். “யானை குடித்த மிச்சம்தான் எங்களுக்கு. டீசல் மட்டும் எங்கள் காசு.”

நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது இந்த டீசலைத்தான். யானையை நேசிப்பவர்கள் பெர்லினிலும் டெக்சாஸிலும் இருக்கிறார்கள். யானைக்கு டீசல் ஊற்றுபவர் குனேனேயில் இருக்கிறார். அந்தக் கணக்கு நேராகாத வரை எந்தச் சட்டமும் அங்கே ஒரு விலங்கையும் காப்பாற்றாது. தென்னாப்பிரிக்கா நமீபியாவை ஆண்ட காலத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு விலங்கின் மேல் எந்த உரிமையும் இல்லை, சேதம் மட்டும் உண்டு. வெள்ளைப் பண்ணையாளர்களுக்கோ எழுபதுகளிலேயே உரிமை கிடைத்துவிட்டது. எண்பதுகளில் வறட்சியும் திருட்டு வேட்டையும் சேர்ந்து காட்டைக் காலிசெய்தபோது, கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனக்காரர் ஊர்த் தலைவர்களிடம் போய் நின்றார். தலைவர்களே தங்கள் ஆட்களைக் காவலுக்கு நியமித்தார்கள். முன்பு திருட்டு வேட்டையாடியவர்களும் அதில் உண்டு. தடம் பார்க்க அவர்களை விட்டால் யார்?

1996இல் சட்டம் திருந்தியது. ஊரார் கூடி, எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டுப் பதிவு செய்துகொண்டால் அது ஒரு கன்சர்வன்சி, ஊராரே விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதி. வேட்டைக்கும் விடுதிக்கும் ஒப்பந்தம் போடும் உரிமை அவர்களுடையது. முதல் நான்கு 1998இல் பதிவாயின. இன்று 86, நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 20 சதவீதம். சுற்றுலா விடுதியின் பலன் பெரும்பாலும் வேலை பார்ப்பவரின் சம்பளமாகப் போகிறது. வேட்டைப் பணம் கன்சர்வன்சியின் கையில் விழுகிறது, காவலாளியின் சம்பளம் அதிலிருந்து வருகிறது. இறைச்சி ஊருக்கு. படம் எடுக்க யாரும் வராத வறண்ட மூலைக்கும் வேட்டைக்காரன் வருவான், அவனுக்கு நல்ல காட்சி தேவையில்லை.

கென்யா 1977இலேயே வேட்டையைத் தடை செய்தது. அடுத்த நாற்பதாண்டுகளில் அதன் மேய்ச்சல் நிலங்களில் வனவிலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்தன. தடைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வேலியும் ஜனத்தொகையும் கால்நடையும் இருக்கின்றன. தடை மட்டும் போதும் என்று நீங்களும் சொல்லாதீர்கள்.

உங்கள் நண்பரையும் சும்மா விடுவதாக இல்லை. உங்கள் மாநிலத்து டாலஸில் 2014இல் நமீபியாவில் ஒரு கருப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி 3,50,000 டாலருக்கு ஏலம் போன கதையை அவர் கட்டாயம் சொல்லியிருப்பார். அந்தப் புண்ணியத்தில் தன் குடு மானையும் சேர்த்துக்கொள்வார். நமீபியாவில் குடு, ஓரிக்ஸ் வேட்டை பெரும்பாலும் நடப்பது தனியார் பண்ணைகளில். பணம் முதலாளிக்கு. மாட்டை விற்றுவிட்டு மான் வளர்க்கிறார், அந்த மட்டில் நல்லதுதான். கிழவியின் டீசலுக்கு அதில் ஒரு சென்ட்கூடப் போகாது. எந்த நிலம், யாருடன் ஒப்பந்தம், இறைச்சி யாருக்கு என்று அவரிடம் கேளுங்கள். முழிப்பார். அவர் போவது சுடுகிற சுகத்துக்காக. அதை ஒப்புக்கொண்டால் அவரோடு உட்கார்ந்து காபி குடிப்பேன். வனக் காவலன் வேஷம் போட்டால் மாட்டேன்.

போகலாமா என்றுதானே கேட்டீர்கள்? கைநடுங்கி, மானைக் காயப்படுத்திவிட்டு நாள் முழுக்க ரத்தத் தடம் பார்த்து நடக்கப்போகிற ஆள் நீங்கள் என்று தோன்றுகிறது. துப்பாக்கியை அவரிடமே விட்டுவிட்டு, ஒரு கன்சர்வன்சியில் நான்கு நாள் தங்குங்கள். ஜூலையில் அங்கே குளிர்காலம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கிழவி அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் தேநீர் போட்டுத் தந்தார். உப்புக் கரித்தது. சர்க்கரை நான்கு கரண்டி போட்டிருந்தார். நான் முகம் சுளித்ததைப் பார்த்து இன்னும் ஒரு கரண்டி போட்டார்.