பழைய அமெரிக்க நாணயம் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒரே ஒரு நாணயம், அதுவும் சிறந்ததாக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல முடிவு. ஆனால் நாணயத்தின் நிலையை மதிப்பிட்டுத் தரும் கிரேடு எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 1 முதல் 70 வரையுள்ள அந்த எண், முக்கியமாகத் தேய்மானத்தையும் கீறல்களையும் சொல்லும். அச்சு எவ்வளவு ஆழமாக விழுந்தது என்பது அதில் முழுதாகத் தெரியாது.

அடால்ஃப் வைன்மன் வடித்த 'நடக்கும் சுதந்திரதேவி' அரை டாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1916 முதல் 1947 வரை அச்சானது, 90 சதவீதம் வெள்ளி. கிளைகளை ஏந்திய இடது கை சரியாக நாணயத்தின் நடுவில் வருகிறது. அச்சு பலவீனமாக விழுந்தால் கட்டைவிரலே இருக்காது, கை வெறும் மொழுமொழுவென்று தெரியும். புழக்கத்துக்கே போகாத நாணயத்திலும் இப்படி உண்டு. சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அச்சானவற்றில் இந்தக் குறை அதிகம். அதனால் 1940-களில் பிலடெல்பியா நாணயச்சாலையில் அச்சான நாணயத்தைத் தேடுங்கள்; விலையும் எட்டும்.

எருமை உருவம் கொண்ட ஐந்து சென்ட் நாணயமான எருமை நிக்கலில் கொம்பு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும் சுதந்திரதேவி கால் டாலரில் ஆண்டு எண் சீக்கிரம் தேய்ந்துவிடும். 1925-ல்தான் அதைச் சற்றுப் பள்ளத்தில் இறக்கினார்கள்.

சிற்பி செயின்ட்-காடன்ஸின் 1907 உயர்புடைப்பு (உருவம் மிக உயர்ந்து நிற்கும்) இருபது டாலர் தங்க நாணயம்தான் என் கண்ணுக்கு இவற்றில் தலைசிறந்தது. ஒரே அடியில் அச்சு விழாததால் புடைப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று. விலை மிக அதிகம், கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாலிஷ் போட்ட நாணயம் எவ்வளவு மின்னினாலும் வேண்டாம். இயல்பான பளபளப்பு ஒருமுறை போனால் திரும்ப வராது.